ஆடியில் குடி மாறியது

1998 ஜூலை 6, திங்கள்

காலையில் 74 டிகிரி ஃபாரன்ஹீட். மேகமில்லை. தென்மேற்குக் காற்று, லேசாக. ஜன்னலுக்கு வெளியே கட்டியிருக்கும் வெப்பமானியில் புறா எச்சம். துடைக்க வேண்டும்.

கீழே பொது அறையில் கூட்டம். அரசாங்கக் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து மிஸ் ரோசாரியோ என்ற பெண் வந்திருந்தார். நாங்கள் கிழவர்கள் என்பதால் உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார். வளாகத்தின் எல்லா அடுக்குக் கட்டடங்களையும் இடிக்கப் போகிறார்கள், எங்களுடையது உட்பட. ஆகஸ்ட் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். மற்றக் கட்டடங்களின் குடும்பங்கள் ஊரெங்கும் பிரிந்து போகும். எங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வயதானவர்கள் என்பதால் அவென்யூவுக்கு அந்தப் பக்கம் புதிதாக வீடுகள், இரண்டே மாடி. அங்கும் எல்லாருக்கும் இடம் போதாது.

பின்வரிசையிலிருந்து ஒருவர்: "போன தடவையும் புதுசு புதுசுன்னுதான் சொன்னீங்க!" எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் கிளாரா அம்மாள், எங்கள் அடுத்த கதவு.

கூட்டம் முடிந்ததும் மிஸ் ரோசாரியோ எங்களைத் தனியாக அழைத்தார். 1-சி, 1-டி. தரைத்தளம், பக்கத்துப் பக்கத்துக் கதவுகள். ஒன்று கிளாராவுக்கு, ஒன்று எங்களுக்கு. கிளாரா போன வாரமே அலுவலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார். "சேர்த்துக் கொடுக்காவிட்டால் இந்தக் கட்டடத்தோடு என்னையும் இடித்துவிடு என்று சொன்னேன், ப்ரொஃபஸர்." நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன், ப்ரொஃபஸர் இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

27-ஆம் தேதி சாவி. மாதக் கடைசிக்குள் குடியேறிவிட வேண்டும்.

மேலே வந்து என் மனைவி செண்பகத்திடம் சொன்னேன். "கிளாரக்கா பக்கத்துலயேவா?" என்றாள். அது போதும் அவளுக்கு. தேதி சொல்வதற்குள் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

பகல் சொட்டு மருந்து: கிளாரா போட்டார்.

ஜூலை 7, செவ்வாய்

79. ஈரப்பதம் அதிகம். சட்டை ஒட்டுகிறது.

செய்ய வேண்டியவை:
பழைய பாய்களை என்ன செய்வது.
முகவரி மாற்றம் (தபால், டாக்டர், மகள் உமா).
பாளையங்கோட்டைக்கு எழுத வேண்டும். அங்கே சொந்தக்காரர்கள் எல்லாரும் நாங்கள் "கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில்" இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய உத்தியோகஸ்தர் வீடு என்று எண்ணம். நான் திருத்தவில்லை. புது வீட்டையும் அப்படியே எழுதலாம்.
வெப்பமானிக்குப் புது ஆணி.

நான் ஏன் இந்த இரண்டு கதவுகள் பற்றி இத்தனை மகிழ்கிறேன் என்று யோசித்தேன். செண்பகத்துக்கு இரண்டு கண்ணிலும் நீரழுத்த நோய், கிளாக்கோமா. தினம் மூன்று வேளை சொட்டு. என் கை நடுங்குகிறது, இரண்டு வருஷமாகவே. என்னால் ஒரு சொட்டைச் சரியாக விழுத்த முடியாது. கிளாரா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர், எழுபத்து மூன்று வயதிலும் கை அசையாது. காலை, பகல், மாலை வந்து, செ.யின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, கணக்காக ஒரு சொட்டு. டாக்டர் சொன்னது: சொட்டு தவறாத வரைக்கும் இருக்கிற பார்வை இருக்கும்.

பிறகு இருவரும் டிவி. பரிசுப் போட்டி நிகழ்ச்சி. செ. தமிழில் பேசுவாள், கிளாரா ஆங்கிலத்தில். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனால் பதில்கள் பொருந்துகின்றன, அதுதான் எனக்குப் புரியவில்லை.

"சிவப்புச் சட்டைக்காரன் தோக்கப் போறான் பாருங்க அக்கா."

"அவன் முழி சரியில்லை, ஷென்பா."

ஜூலை 8, புதன்

81. மேகம், மழையில்லை.

இன்று தேதி சொன்னேன். சாவி 27-இல் என்று.

செ.: "இருபத்தேழா? அது ஆடில்லா."

"ஆமா. ஆடிதான்."

"ஆடில குடி போகப்பிடாது."

"அமெரிக்காவுல ஆடி ஏது, செம்பா."

"இங்க என்ன, வேற சூரியனா? பூகோள வாத்தியார்தான நீங்க?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆவணி பிறக்கட்டும், முதல் நாளே போவோம், அதற்குள் ஒரு பாத்திரம்கூட அந்த வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது என்றாள்.

வள்ளியூருக்கு மாற்றலானபோது ஆடியில்தான் போனோம். வேறு வழியில்லை, ஜூலைக் கடைசியில் உத்தரவு வந்தது. அந்த வருஷம் ஐப்பசியில் எங்கள் பையன் போனான். ஒன்றரை வயது. அது தொண்டைக் காய்ச்சல். வள்ளியூரில் யாருக்கு வேண்டுமானாலும் வந்திருக்கும். ஆடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை நான் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் வள்ளியூர் என்ற பெயரைச் சொல்வதில்லை. இன்றும் சொல்லவில்லை.

"சரி, கேட்டுப் பாக்கேன்" என்றேன்.

ஆவணி ஒன்று: ஆகஸ்ட் 17. கோவில் காலண்டரில் சரிபார்த்தேன். பதினேழு நாள் தள்ளிக் கேட்டால் போதும். பெரிய சலுகை ஒன்றுமில்லை.

ஜூலை 9, வியாழன்

அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு வீடே இல்லையாம். அவளுக்குப் பின்னால் நின்று, எங்களுக்கு இந்த மாதம் ஆகாது என்று எப்படிச் சொல்வது? குடிநீர்க் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

செ.: "கேட்டியளா?"

"கூட்டம். நாளைக்கு."

ஜூலை 10, வெள்ளி

77. காற்று திசை மாறியிருக்கிறது, வடகிழக்கு.

நேரில் கேட்க வராது எனக்கு. எழுதிவிடுவது என்று தீர்மானம். காலை முழுவதும் கடிதம்.

முதல் முயற்சி: எங்கள் சமய வழக்கப்படி இந்த மாதத்தில் வீடு மாறுவது வழக்கமில்லை. கிழித்தேன். மிஸ் ரோசாரியோ இதை இன்னொருவரிடம் காட்டிச் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. எம்.ஏ. படித்தவன் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் இன்னும் மோசம்.

இரண்டாம் முயற்சி: இந்த மாதம் எங்களுக்கு நல்ல மாதம் அல்ல. இது இன்னும் கேவலம்.

மூன்றாவது தானாகவே வந்தது. யோசிக்கவே இல்லை, பேனா எழுதியது. என் மனைவிக்கு உடல்நலமில்லாத காரணத்தால் ஆகஸ்ட் 17 வரை வீடு மாற இயலாத நிலையில் இருக்கிறோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தயவுகூர்ந்து அதுவரை அவகாசம் அளிக்குமாறு வேண்டுகிறேன்.

பள்ளிக்கூட லீவு லெட்டர். எத்தனை ஆயிரம் வாங்கியிருப்பேன். மாமா கல்யாணமா, காய்ச்சல். கோவில் கொடையா, காய்ச்சல். புதுப் படமா, கடும் காய்ச்சல். படிக்கிறவனுக்கும் தெரியும், எழுதினவனுக்கும் தெரியும். அந்தக் காய்ச்சலை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

மதியம் அலுவலகப் பெட்டியில் போட்டேன். மனசு லேசானது. வரும் வழியில் நுவார்க் அவென்யூ இந்தியக் கடையில் வெண்டைக்காய், புளி, ஒரு தேங்காய்.

செ.யிடம்: "எழுதிக் குடுத்திருக்கேன்."

"என்னன்னு?"

"அவகாசம் வேணும்னு."

ஜூலை 14, செவ்வாய்

85. வெயில் கடுமை.

மிஸ் ரோசாரியோ தொலைபேசியில். மிகவும் கனிவு. "உங்கள் மனைவிக்கு இப்படி என்று தெரியாமல் போயிற்றே. கவலைப்படாதீர்கள். 1-டி-யை நிறுத்தி வைக்கிறேன்." அப்பாடா என்றிருந்தது. பிறகு: "எங்கள் நர்ஸ் ஒருவர் வந்து பார்ப்பார். உங்களுக்கு என்ன உதவி தேவை என்று தெரிந்துகொள்ளத்தான்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "நன்றி" என்று வந்தது.

ஜூலை 16, வியாழன்

மாலை கிளாரா வீட்டில். பெட்டிகள் கட்ட ஆரம்பித்துவிட்டார். 27 அன்றே அவர் போய்விடுவார். எங்களுக்காக ஜன்னல் திரைகளுக்கு அளவெடுத்து வைப்பதாகச் சொன்னார்.

அவர் ஜன்னலிலிருந்து கார் நிறுத்துமிடம் தெரிகிறது. "அந்த நீல வண்டி நிற்கிறதே, அது எங்கள் அம்மாவின் சமையலறை." ஒரு மர வீட்டில் மூன்று குடும்பங்கள், முற்றத்தில் கக்கூஸ், எலிகள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருஷத்தில் தொப்பி போட்ட ஒருவன் வந்து கதவில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டிருக்கிறான். சேரி என்று எழுதி மொத்தத் தெருவையும் இடித்தார்கள். ஆறு தெருக்கள் சேர்ந்து ஒரே மைதானம் ஆயிற்று, அதில் இந்த அடுக்குகள். கிளாராவுக்கு அப்போது புதுக் கல்யாணம்.

"நான் அழவில்லை, ப்ரொஃபஸர். சுவரிலிருந்து வெந்நீர் வந்தது. எனக்கே எனக்கென்று ஒரு குளியல் தொட்டி. யாராவது அழுவார்களா? முதல் வாரம் தினம் இரண்டு தடவை குளித்தேன். என் புருஷன், நீ என்ன மீனா என்றான்."

"உங்கள் அம்மா?"

"அம்மா அழுதாள். வீட்டுக்காக இல்லை. பக்கத்து வீட்டு லூயிஸை ஊரின் அந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டார்கள். கோழிக் கறி செய்தால் பாதி அங்கே போகும், அப்படிப் பழக்கம். கடைசி வரைக்கும் அம்மா அளவு குறைத்துச் சமைக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை."

அந்த ஆறு தெருக்களையும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். அவர் சொல்லச் சொல்ல. மாதா கோவில் இந்தப் பக்கம் என்றார், பிறகு இல்லை அந்தப் பக்கம், பிறகு "விடுங்கள், கடவுளுக்குத் தெரியும்." இரண்டு தெருக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டன. வரைபடம் சரியாக வரவில்லை.

ஜூலை 17, வெள்ளி

ஆடிப் பிறப்பு. செ. தேங்காய்ப் பால் பாயசம். கிளாரா இரண்டு கிண்ணம். பாயசம் எதற்கு என்று கேட்டார். மாதம் பிறந்தது என்றேன். "பதினேழாம் தேதியா?" என்று காலண்டரைப் பார்த்தார். விளக்கத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

அவரிடமாவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 21, செவ்வாய்

93. அனல். மின்விசிறி மட்டும்.

நர்ஸ் வந்தார். உயரமான பெண், சாந்தமான முகம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

செ.யிடம் நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. வீடு மாற்றத்துக்கு ஏதோ கேட்க வருகிறார்கள் என்று மட்டும். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, காப்பி போட்டு வைத்திருந்தாள்.

நர்ஸ் முதலில் கேட்டது: இன்று என்ன தேதி?

நான் மொழிபெயர்த்தேன். செ. உடனே: "ஆடி அஞ்சு, செவ்வாக்கிழமை."

நான் ஆங்கிலத்தில்: ஜூலை 21, செவ்வாய்.

நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஜூலை என்று என் காதில் விழவில்லையே. அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், சார்."

"ஆடி ஐந்து என்றாள்."

"அது என்ன?"

"ஒரு மாதம்."

"எந்த மாதம்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு வேறு காலண்டர் உண்டு, அவள் சொன்னது மிகச் சரி, இந்தக் கட்டடத்திலேயே அவளைப்போல் தேதி தெரிந்தவர்கள் இல்லை என்று. சொன்னால் அடுத்து ஆடி என்றால் என்ன, அதில் என்ன விசேஷம், அப்போது உடல்நலமின்மை? எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவிழும். "எங்கள் ஊர் மாதம்" என்றேன், முனகலாக. அவர் ஏதோ எழுதினார்.

பிறகு சுவர்க் காலண்டரைப் படிக்கச் சொன்னார். முடியவில்லை. அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். கைப் பழக்கத்தில் சரியாக வைத்தாள். பூஜை அலமாரியில் எண்ணெய் விளக்கு எரிவதைப் பார்த்தார், எழுதினார். கண் மருந்தை யார் போடுகிறார்கள்? பக்கத்து வீட்டம்மா. நீங்கள்? என் கையைக் காட்டினேன். அதையும் எழுதினார்.

காப்பி குடிக்கவில்லை. வேலை நேரத்தில் கூடாதாம்.

அவர் போனதும் செ.: "நல்ல பிள்ளையாத்தான் இருக்கா. ஆனா என்னைய ஏன் சின்னப் பிள்ளை மாதிரி கேக்கா? எனக்கு என்ன நோவு?"

டம்ளர்களைக் கழுவினேன்.

ஜூலை 24, வெள்ளி

அலுவலகக் கடிதம். மூன்று முறை படித்தேன். 1-டி உதவியின்றித் தனியாக வாழக்கூடியவர்களுக்கான வீடு. மருத்துவப் பார்வையின்படி நாங்கள் அந்த வகையில் வரமாட்டோம். எங்களுக்கு இரண்டு வழி: (அ) பராமரிப்பு இல்லம், வேறு ஊர், இடம் வரும்போது. ஒருவர் அல்லது இருவர். (ஆ) குடும்பத்தினருடன் வசித்தல்.

"ஒருவர் அல்லது இருவர்." அந்த வரியை விட்டு நகர முடியவில்லை.

நேரே அலுவலகம். வரிசையில் நிற்காமல் மேசைக்குப் போய்விட்டேன், வாழ்க்கையில் முதல் தடவை. மிஸ் ரோசாரியோவிடம் எல்லாம் சொன்னேன். ஆடி. வள்ளியூர்கூடச் சொன்னேன், பையனைப் பற்றி. அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கண் மட்டும்தான், எழுதியது நான் என்று.

அவர் சிரிக்கவில்லை. நான் பயந்தது அதற்குத்தானே.

"இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? மதக் காரணம் என்று ஒரே வரி. எட்டாம் மாடியில் ஒரு யூதத் தம்பதி பண்டிகை என்று தள்ளிக் கேட்டார்கள், கொடுத்தேன். எங்கள் அம்மா செவ்வாய்க்கிழமை வீடு மாறமாட்டாள். நான் புரிந்துகொள்ளமாட்டேன் என்று நினைத்தீர்களா?"

"இப்போது?"

"இப்போது நர்ஸின் அறிக்கை இருக்கிறது. என்னால் அதைக் கிழிக்க முடியாது. மேல்முறையீடு செய்யலாம். வேறு டாக்டர் பார்ப்பார், விசாரணை இருக்கும். அதுவரை 1-டி காத்திருக்காது. பின்னால் இருநூறு பேர்."

எழுந்து வந்து கதவைத் திறந்து விட்டார். வயதானவர் என்று. 

ஜூலை 25, சனி

உமாவுக்கு, நாட்டின் மறு கோடியில் சன்னிவேலுக்கு, போன். மகளிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. வீடு கிடைக்கவில்லை என்று மட்டும்.

"அப்பா, அப்பீல் கிப்பீல்னு அலையாதீங்க, ப்ளீஸ். உங்களால ஃபைட் பண்ண முடியாது, உங்களுக்கே தெரியும். இங்க வந்துடுங்க. நான்தான் மூணு வருஷமா சொல்லிட்டே இருக்கேனே."

"மாப்பிள்ளை வீட்ல எப்படிம்மா..."

"அது என் வீடும்தான் அப்பா. மார்ட்கேஜ் நானும்தான் பே பண்றேன்."

பேத்தி வாங்கிப் பேசினாள். "தாத்தா, யூ கேன் ஹேவ் மை ரூம். ஐ டோன்ட் மைண்ட்." ஆறு வயதுக் குழந்தையின் அறை.

உமா ஆகஸ்ட் 8-க்கு டிக்கெட் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஆபீசில் ஏதோ ரிலீஸ், வந்து கூட்டிப்போக முடியாது. ஆடி 23.

ஜூலை 27, திங்கள்

88. இடி, மழை இல்லை.

கிளாரா போனார். அவருடைய மருமகன் வண்டி கொண்டு வந்தான். செ. கூடப் போய்த்தான் ஆவேன் என்றாள். ஆடி என்று வாசற்படி தாண்டாமல் வெளியிலேயே நின்றாள். கிளாராவின் கதவு மூடித் திறக்கிற சத்தம் கேட்டு, "கனமான கதவு, நல்ல மரம்" என்றாள்.

பிறகு: "நம்மளது எது?"

பக்கத்துக் கதவுக்குக் கூட்டிப்போனேன். அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். கைப்பிடியைத் தடவினாள், நிலையை மேலிருந்து கீழ்வரை தடவினாள். உள்ளே யாரோ ரேடியோ போட்டார்கள்.

"ஆளு இருக்காகளே?"

கிளாரா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள் போல. அவர்தான் செ.யின் தோளைப் பிடித்துத் திருப்பி அவென்யூவைக் கடக்க வைத்தார். பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு எங்களோடு மேலே வந்து, பகல் சொட்டைப் போட்டுவிட்டுப் போனார். இரவு அலுவலகக் கடிதத்தை செ.யிடம் படித்துச் சொன்னேன்.

ஜூலை 28, செவ்வாய்

செ. கேட்டாள். உட்கார வைத்துக் கேட்டாள்.

"நான் சீக்காளின்னு அவுகளுக்கு யாரு சொன்னா?"

"நான்தான். எழுதிக் குடுத்தேன்."

"எதுக்கு?"

"அவகாசம் கேக்க."

"ஆடின்னு எழுத வெக்கமா இருந்திச்சோ?"

அலுவலகக் கடிதத்தை மடித்து வைத்தேன்.

"ஆடி பாக்கது நான்தான? நீங்க பாக்கலையே. என் பேரைச் சொல்லி எழுதியிருக்கலாம்லா. 'என் பொண்டாட்டி ஒரு கிறுக்கச்சி, ஆடி கீடின்னு உசிரை வாங்குதா'ன்னு எழுதியிருக்கலாம். நான் ஒண்ணும் நெனைச்சிருக்க மாட்டேன். சீக்காளின்னு எழுதுறதுக்குக் கிறுக்கச்சின்னு எழுதியிருக்கலாம்."

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேல்முறையீடு பற்றிச் சொன்னேன். இன்னொரு டாக்டர், இன்னொரு கேள்வி. "வேண்டாம்" என்றாள். "இன்னொருத்தி வந்து தேதி கேக்க வேண்டாம்."

ஜூலை 31, வெள்ளி

90. கிளாரா தினம் மூன்று வேளையும் அவென்யூவைக் கடந்து வருகிறார். லிஃப்ட் நேற்றிலிருந்து ஓடவில்லை. காலியாகிற கட்டடத்துக்கு யார் சரிசெய்வார்கள். நான்கு மாடி. மேலே வந்து பேச மூச்சில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வந்ததும் கை கழுவுகிறார். அவர் காலில் வீக்கம். வரவேண்டாம் என்றேன். "வாயை மூடுங்கள், ப்ரொஃபஸர்."

ஒன்பதாம் மாடி காலி. எட்டு காலி. குப்பைக் குழாயில் எந்நேரமும் சாமான் விழுகிற சத்தம்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

கிளாராவால் மாலையில் வர முடியவில்லை. கால். மருமகனிடம் சொல்லி அனுப்பினார்.

நான் முயன்றேன். செ. நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்தாள், அசையவே இல்லை. முதல் சொட்டு கன்னத்தில். அடுத்தது புருவத்தில். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டேன், மூக்கில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள், விழட்டும் என்று.

"மெதுவா போடுங்க. அவசரமில்லை."

கடைசியில் ஒன்று விழுந்தது என்று நினைக்கிறேன். விழுந்ததா என்றேன். "விழுந்துட்டு" என்றாள். உண்மையா, எனக்காகவா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

மழை, கடைசியில். 72.

பெட்டியில் போனவை: துணி, பாத்திரம் (குறைவாக), பூஜைச் சாமான், என் அட்லஸ். விட்டவை: பாய்கள், கட்டில், டிவி (கிளாராவின் மருமகனுக்கு). வெப்பமானி கம்பியோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டது, வரவில்லை.

கிளாராவிடம் ஆடி பற்றி இன்று சொன்னேன், முழுவதும். கேட்டுக்கொண்டிருந்தார். "என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் போய் அந்த மேசையை இன்னொரு தடவை தட்டியிருப்பேனே." பிறகு, "ஆனால் நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்றார். திட்டவில்லை. அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

செ. உமா வீட்டுக்குப் போகிற தேதியைக் கேட்கவே இல்லை. சனிக்கிழமை என்று மட்டும் தெரியும் அவளுக்கு. அது ஆடியில் என்ன தேதி என்று அவளுக்குத் தெரியாதா. தினம் காலையில் நாள் சொல்லி எழுகிறவள்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

உமா வந்துவிட்டாள். கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "இங்கயா அப்பா இவ்ளோ வருஷம் இருந்தீங்க?" என்றாள். சுவரில் கிறுக்கல், படியில் நாற்றம். எனக்கு அவமானமாக இல்லை, அதுதான் விசித்திரம்.

கிளாரா மருமகன் கையைப் பிடித்து ஏறி வந்தார். உமா அவரிடம் "தேங்க்யூ ஸோ மச், ஆன்ட்டி, எங்க அம்மாவை இவ்ளோ பாத்துக்கிட்டதுக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கிளாரா அவளுக்குச் சொட்டுப் போடும் விதம் கற்றுக்கொடுத்தார். மோவாயை இப்படி. கண்ணிமையை இழுக்காதே, வெறுமனே தாங்கு. அவளைப் பேசவிடு, பேசும்போது கண்ணைச் சிமிட்டமாட்டாள்.

இடிக்கிற நாளில் வந்து பார்ப்பீர்களா என்று கேட்டேன். "ஒரு தடவை பார்த்தாயிற்று. அன்றைக்குத் தலைமுடி வெட்டிக்கொள்ளப் போகிறேன்."

போகும்போது செ.யும் அவரும் படிக்கட்டுத் தலைப்பில் நின்றார்கள். செ. என்னவோ சொன்னாள், சாப்பாடு பற்றி. கிளாரா என்னவோ சொன்னார், கால் பற்றி. நான் தள்ளி நின்றேன்.

ஆகஸ்ட் 10, திங்கள். சன்னிவேல்.

வெப்பமானி இல்லை. வெயில், ஆனால் உடம்பில் ஒட்டாத வெயில். மலை தெரிகிறது, பழுப்பு நிறம்.

பேத்தியின் அறை. சுவரெல்லாம் மீன் படங்கள். குழந்தை ஹாலில் தூங்குகிறாள். மாப்பிள்ளை நல்லவர், "அங்கிள், ஏசி வேணுமா" என்று நான்கு தடவை கேட்டார். காலைச் சொட்டு உமா போட்டுவிட்டு ஆபீஸ் போனாள். மாலைச் சொட்டுக்கு வந்துவிடுவாளாம். பகல் சொட்டுக்கு யாரும் இல்லை. நான் போட்டேன். இன்று இரண்டாவதிலேயே விழுந்தது. அல்லது அப்படிச் சொன்னாள்.

பிறகு செ., "கிளாரக்காவுக்கு போன் போட்டுத் தாங்க" என்றாள். இதுவரை அவர்கள் போனில் பேசியதே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தானே. எண்ணை அழுத்திக் கொடுத்தேன். என்னைப் போகச் சொன்னாள். நடைவழி வரைதான் போனேன்.

"அக்கா, நான்தான்... ஆமா, செம்பா... வந்து சேந்துட்டோம். ஆடிலதான் வந்தோம், பாத்துக்கிடுங்க. இன்னும் ஏழு நாளு இருக்கு. ஒண்ணும் ஆகலை. பிள்ளை நல்லா இருக்கா, ஓடியாடிட்டு. நான் அவ தூங்குறப்ப போய் நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்... இவுகளுக்குத் தெரியாது. இவுகளே பயந்து போய்க் கெடக்காக. நான் காட்டிக்கிடலை..."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கிளாரா என்ன சொன்னாரோ.

"ஆமா" என்றாள் செ. "ஆமாக்கா. அதேதான்."